யோகாவில் ஏன் இத்தனை வகை? மூன்று வகைக்கு ஒரே குருவான கிருஷ்ணமாச்சாரியாரின் கதை

யோகா கற்றுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்து போனில் தேடினால் முதல் குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கும். அஷ்டாங்க வின்யாச யோகா என்று ஒன்று வரும். வியர்க்க வியர்க்க, தாவித் தாவி, ஒன்றரை மணி நேரம் வரை செய்வது. ஐயங்கார் யோகா என்று இன்னொன்று. பெல்ட், மரக்கட்டை, நாற்காலி, சுவரில் கட்டிய கயிறு எல்லாம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆசனத்திலும் நிதானமாக நிற்பது. விநியோகா என்று மூன்றாவது. மூச்சோடு சேர்த்து மெதுவாகக் கை காலை அசைப்பது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.

ஆனால் மூன்றின் வேரும் ஒரே மனிதரிடம்தான் போய் முடிகிறது. அவர் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். இந்தியாவைவிட்டுக் கடல் தாண்டிப் போனதே இல்லை. வாழ்க்கையின் கடைசி 36 வருடங்களைச் சென்னையில் கழித்தவர். நவீன யோகாவின் தந்தை என்று இன்று உலகம் முழுக்க அழைக்கப்படுகிறார்.

ஒரே குரு எப்படி இத்தனை விதமாகச் சொல்லிக்கொடுத்தார்? எது சரியான யோகா? இந்தக் கேள்விக்கான பதில் அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. ஜிம்மா, ஓட்டமா, யோகாவா, எனக்கு எது ஒத்துவரும் என்று யோசிப்பவர்களுக்கும் அதில் விஷயம் உண்டு.

அப்பாவிடம் ஆரம்பம்

கிருஷ்ணமாச்சாரியார் 1888 நவம்பர் 18 அன்று, இன்றைய கர்நாடகாவின் சித்ரதுர்கா மாவட்டத்தில் உள்ள முச்சுகுந்தபுரத்தில் பிறந்தார். வைணவக் குடும்பம். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த, காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த நாதமுனிகளின் வழிவந்தவர்கள் என்பது குடும்பத்தின் நம்பிக்கை.

ஐந்து வயதிலேயே அப்பா அவருக்கு சமஸ்கிருதமும் ஆசனங்களும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பத்து வயதானபோது அப்பா காலமானார். குடும்பம் மைசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பரகால மடத்தில் படிப்பு தொடர்ந்தது.

16 வயதில் அவர் ஆழ்வார்திருநகரிக்கு யாத்திரை போனார். அங்கே மயக்கம் போன்ற ஒரு நிலையில் நாதமுனிகளின் தரிசனம் கிடைத்ததாகவும், யோக ரகசியம் என்ற நூலின் செய்யுள்களைக் காதால் கேட்டதாகவும் பின்னாளில் சொன்னார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பெண்களுக்கு, நோயாளிகளுக்கு, வெவ்வேறு வயதினருக்கு யோகா எப்படி மாற வேண்டும் என்பது அந்த நூலில் முக்கியமான விஷயம். அவர் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டதும் அதைத்தான்.

படிப்பு மேல் படிப்பு

18 வயதில் காசிக்குப் போனார். இலக்கணம், தர்க்கம், வேதாந்தம் என்று ஒவ்வொரு துறையாகப் படித்தார். மைசூருக்குத் திரும்பினார், மறுபடியும் காசிக்குப் போனார். கையில் காசு கிடையாது. தினமும் ஏழு வீடுகளில் மட்டும் யாசகம் கேட்டு, கிடைத்த மாவில் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுப் படித்தார். ஆயுர்வேதமும் கற்றார். நாடி பிடித்துப் பார்த்து உடல்நிலையைக் கணிக்கும் திறமை பின்னாளில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

யோகாவை ஆழமாகக் கற்க ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவைத் தேடி இமயமலைக்கு அப்பால் மானசரோவர் பக்கம் போனதாகவும், அங்கே ஏழரை வருடம் தங்கியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். படிப்பு முடிந்தபோது குரு கேட்ட தட்சிணை விநோதமானது. ஊருக்குப் போ, கல்யாணம் செய்துகொள், குடும்பஸ்தனாக இருந்து யோகாவைச் சொல்லிக்கொடு என்பதுதான் அது.

இது சாதாரண நிபந்தனை இல்லை. யோகா என்றால் காவி, குகை, துறவு என்று நினைத்த காலம் அது. வீடு, வாசல், சம்பளம், குழந்தைகள் என்று இருக்கிறவர்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது அவருக்குக் கிடைத்த வேலை. அதை அவர் முதலில் தன் வாழ்க்கையிலேயே செய்து பார்க்க வேண்டியிருந்தது.

காபி தோட்டத்தில் வேலை

1925-இல் நாமகிரியம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். பெரிய மடங்களிலும் கல்லூரிகளிலும் பதவி கிடைக்கும் அளவுக்குப் படித்தவர். ஆனால் குருவுக்குக் கொடுத்த வாக்கு யோகா சொல்லிக்கொடுப்பது. அந்தக் காலத்தில் அதற்கு யாரும் சம்பளம் தருவதாக இல்லை. வறுமை நெருக்கியது. ஹாசன் பகுதியில் ஒரு காபி தோட்டத்தில் மேற்பார்வையாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

லீவு நாட்களில் ஊர் ஊராகப் போய் யோகா செய்து காட்டினார். நாடித்துடிப்பை அடக்கிக் காட்டுவது, ஓடும் காரை வெறும் கையால் நிறுத்துவது, கனமான பொருளைப் பல்லால் தூக்குவது என்று வித்தைகள் கலந்த நிகழ்ச்சிகள் அவை. யோகா என்றால் என்னவென்றே தெரியாத கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைக்க அவருக்கு அப்போது வேறு வழி தெரியவில்லை.

1927-இல் ஹாசனில் நடந்த அப்படி ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து அசந்துபோன 12 வயதுச் சிறுவன் மறுநாளே அவரிடம் மாணவனாகச் சேர்ந்தான். பெயர் பட்டாபி ஜோயிஸ். இன்றைய அஷ்டாங்க வின்யாச யோகாவை உலகத்துக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

அரண்மனை அழைத்தது

அப்போது மைசூரை ஆண்ட நான்காம் கிருஷ்ணராஜ உடையார் கலை, கல்வி, உடற்பயிற்சி எல்லாவற்றிலும் ஆர்வம் கொண்டவர். கிருஷ்ணமாச்சாரியாரின் திறமை அவர் காதுக்கு எட்டியது. 1931-இல் மைசூர் சமஸ்கிருத பாடசாலையில் யோகா ஆசிரியர் வேலை கிடைத்தது. 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதியை யோகசாலையாக மாற்றிக்கொள்ள மகாராஜா அனுமதி கொடுத்தார். அப்போது கிருஷ்ணமாச்சாரியாருக்கு 44 வயது.

இங்கே அவர் என்ன சொல்லிக்கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். மாணவர்கள் எல்லாம் பள்ளிச் சிறுவர்கள், இளைஞர்கள். ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். எனவே ஒரு ஆசனத்திலிருந்து அடுத்த ஆசனத்துக்கு மூச்சோடு சேர்ந்து தாவிப் போகும் தொடர் பயிற்சியாக அதை அமைத்தார். கைகளை ஊன்றிக் காலைப் பின்னால் வீசுவது, மறுபடி முன்னால் கொண்டுவந்து உட்காருவது என்று வேகமான அசைவுகள். வலு, வளையும் தன்மை, தம் பிடிக்கும் சக்தி மூன்றும் ஒன்றாக வளரும். மேடையில் செய்து காட்டினால் பார்க்கிறவர்களும் வாய்பிளப்பார்கள்.

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. அரண்மனையில் ஏற்கெனவே இருந்த உடற்பயிற்சி மரபின் தாக்கம் இதில் இருக்கிறது என்று நார்மன் ஸ்ஜோமன் எழுதினார். அந்தக் காலத்தில் இந்தியாவெங்கும் பரவியிருந்த ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக் பயிற்சிகளின் சாயலும் இருக்கிறது என்று மார்க் சிங்கிள்டன் எழுதினார். கிருஷ்ணமாச்சாரியாரின் வழிவந்தவர்கள் இதை ஏற்பதில்லை. எப்படியிருந்தாலும், எதிரே இருந்த சிறுவர்களுக்கு ஏற்றபடி அவர் பாடத்தை அமைத்தார் என்பது மட்டும் தெளிவு.

1934-இல் யோக மகரந்தம் என்ற நூலைக் கன்னடத்தில் எழுதினார். 1941-இல் வந்த யோகாசனகளு என்ற இன்னொரு கன்னட நூலில் ஆசனங்களை ஆரம்ப நிலை, நடுநிலை, தேர்ச்சி நிலை என்று பட்டியல் போட்டுப் பிரித்தார். எல்லாரும் எல்லாவற்றையும் முதல் நாளே செய்ய வேண்டியதில்லை என்பது அப்போதே அவர் மனதில் இருந்தது.

காசநோயிலிருந்து மீண்ட மைத்துனர்

ஆனால் மைசூர் கிருஷ்ணமாச்சாரியார் கனிவான ஆசிரியர் இல்லை. கோபக்காரர். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. அதை நேரடியாக அனுபவித்தவர்களில் ஒருவர் அவருடைய மனைவியின் தம்பி.

1918-இல் பிறந்த பி.கே.எஸ். ஐயங்கார் சின்ன வயதில் நோஞ்சான். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. 1934 வாக்கில், பதினைந்து பதினாறு வயதில், அக்கா வீட்டில் தங்க மைசூருக்கு வந்தார். உடம்பு தேறட்டும் என்றுதான் யோகா. ஆரம்பத்தில் மாமா அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு திடீரென்று நிகழ்ச்சிகளில் கடினமான ஆசனங்களைச் செய்து காட்டச் சொன்னார்.

ஒருமுறை அனுமனாசனம் செய்யச் சொன்னார். ஒரு காலை முன்னாலும் இன்னொரு காலைப் பின்னாலும் தரையோடு தரையாக விரித்து உட்கார வேண்டிய ஆசனம் அது. அதற்கு முன் அதை ஐயங்கார் பழகியதே இல்லை. மறுக்கவும் முடியவில்லை. செய்தார். தொடையின் பின்தசை கிழிந்தது. பல காலம் நடக்கவே சிரமப்பட்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

தயாராகாத உடம்புக்குத் தவறான பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் தேவையில்லை. பயிற்சியில் தவறு இல்லை. தாவிக் குதிக்கும் மற்ற சிறுவர்களுக்கு அது சவாலாக இருந்திருக்கலாம். நோயிலிருந்து எழுந்து வந்த பையனுக்கு அது காயம்.

1937-இல் ஐயங்காரைப் புனேவுக்கு யோகா சொல்லிக்கொடுக்க அனுப்பினார் கிருஷ்ணமாச்சாரியார். அங்கே தனியாளாகத் தன் உடம்பையே சோதனைக்கூடமாக வைத்து ஐயங்கார் கற்றார். விறைத்த உடம்பும், வயதான உடம்பும், அடிபட்ட உடம்பும் எப்படிச் சரியான நிலைக்கு வரலாம் என்று தேடினார். பெல்ட்டும் மரக்கட்டையும் நாற்காலியும் வந்தது அந்தத் தேடலில்தான். 1966-இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் உலகப் புகழ் பெற்றது.

மறுக்கப்பட்ட வெளிநாட்டுப் பெண்

அதே 1937 வாக்கில் இன்னொருவர் மைசூர் வந்தார். ரீகா நகரில் பிறந்த யூஜினி பீட்டர்சன். வயது முப்பத்தெட்டு. பம்பாயில் இருந்த ஐரோப்பியத் தூதரக அதிகாரியின் மனைவி. சில வருடங்கள் இதயக் கோளாறால் அவதிப்பட்டவர். யோகா கற்க வேண்டும் என்று கேட்டார். பெண், அதுவும் வெளிநாட்டவர் என்பதால் கிருஷ்ணமாச்சாரியார் முடியாது என்றுவிட்டார்.

அவர் மகாராஜாவிடம் போனார். மகாராஜா சொன்னால் தட்ட முடியுமா? வேண்டா வெறுப்பாகச் சேர்த்துக்கொண்டார். கடுமையான உணவுக் கட்டுப்பாடு, நேரக் கட்டுப்பாடு எல்லாம் போட்டுப் பார்த்தார். பயந்து ஓடிவிடுவார் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. அந்தப் பெண் எல்லாவற்றையும் கடைப்பிடித்தார். குருவின் மனம் மாறியது. பக்கத்தில் உட்கார வைத்து மூச்சுப்பயிற்சி வரை சொல்லிக்கொடுத்தார். கிளம்பும்போது, இனி நீயே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு என்றும் கேட்டுக்கொண்டார்.

அவர்தான் இந்திரா தேவி. ஷாங்காயில் வகுப்பு ஆரம்பித்து, 1947-இல் ஹாலிவுட்டில் யோகா பள்ளி தொடங்கினார். நடிகை குளோரியா ஸ்வான்சன் அவருடைய மாணவி. அவர் சொல்லிக்கொடுத்தது மைசூர்ச் சிறுவர்களின் தாவல் இல்லை. நடுத்தர வயதுப் பெண்கள் வீட்டில் தினமும் செய்யக்கூடிய, மென்மையான பயிற்சி. 2002-இல் 102 வயதில் காலமானார்.

ஒரே ஊர், ஒரே காலம், ஒரே குரு. திடகாத்திரமான சிறுவனாக வந்த ஜோயிஸ் ஒன்றைக் கற்றார். நோயாளியாக வந்த ஐயங்கார் வேறொன்றைத் தேடிக் கண்டுபிடித்தார். நடுவயதில் வந்த இந்திரா தேவிக்குக் கிடைத்தது மூன்றாவது. மூவரும் தங்களுக்கு ஒத்துவந்ததையே உலகத்துக்குக் கொடுத்தார்கள்.

61 வயதில் வேலை போனது

1940-இல் மகாராஜா காலமானார். அடுத்து வந்த ஜெயசாமராஜ உடையார் காலத்தில் பழைய ஆதரவு குறைந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானமே இல்லாமல் போனது. 1950-இல் யோகசாலை மூடப்பட்டது.

கிருஷ்ணமாச்சாரியாருக்கு அப்போது 61 வயது. ஆறு குழந்தைகள். இன்று பலர் ஓய்வு பெற்று உட்காரும் வயதில் அவருக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய நிலை.

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு பிரபல சட்ட நிபுணருக்கு யோகா மூலம் உதவ முடியுமா என்று சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. 1952-இல் சென்னைக்கு வந்தார். மைலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் சொல்லிக்கொடுத்தார். பிறகு இதுதான் ஊர் என்று ஆகிவிட்டது.

சென்னை மாற்றிய ஆசிரியர்

மைசூரில் அவர் முன்னால் நின்றது சிறுவர் கூட்டம். சென்னையில் வந்தவர்கள் வேறு. வக்கீல்கள், ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள், குடும்பத் தலைவிகள், முதுகுவலிக்காரர்கள், ஆஸ்துமாக்காரர்கள், தூக்கம் வராதவர்கள். அறுபது வயதுக்காரரைத் தாவச் சொல்ல முடியுமா?

கூட்டத்துக்கு மொத்தமாகப் பாடம் எடுப்பதை விட்டு ஒருவருக்கு ஒருவர் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். முதலில் நாடி பார்ப்பார். தோல் நிறம், மூச்சு, நிற்கும் விதம் எல்லாவற்றையும் கவனிப்பார். சாப்பாடு, தூக்கம், வேலை பற்றி விசாரிப்பார். அதன் பிறகுதான் பயிற்சி. அடுத்த முறை வரும்போது முன்னேற்றம் பார்த்து மாற்றுவார்.

குனிந்து கால் விரலைத் தொட முடியவில்லையா, முட்டியை மடித்துக்கொண்டு குனியலாம். தரையில் உட்கார முடியவில்லையா, நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாம். ஆசனம் என்பது உடம்புக்குள் ஒரு வேலை நடக்க வேண்டும் என்பதற்காக. படத்தில் இருப்பது போலத் தெரிய வேண்டும் என்பதற்காக இல்லை. எந்த ஆசனத்துக்கும் அதைச் சமன் செய்யும் மாற்று ஆசனம் ஒன்றையும் சேர்த்தே கொடுப்பார்.

அளவுகோலாக அவர் வைத்தது மூச்சு. ஒவ்வொரு அசைவும் மூச்சோடு சேர்ந்து நடக்க வேண்டும். மூச்சு நீளமாக, சீராக இருக்கும்வரை பயிற்சி உடம்புக்குப் பொருந்துகிறது. மூச்சு திணறினாலோ விட்டுவிட்டு வந்தாலோ, வெளியே எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், அது அளவுக்கு மீறியது. கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் இல்லாத காலத்தில் எல்லாரிடமும் இலவசமாக இருந்த மீட்டர் அது.

வாழ்க்கையின் மூன்று கட்டங்கள்

சென்னையில் அவரிடம் பல ஆண்டுகள் கற்ற ஸ்ரீவத்ச ராமசாமி, ஏ.ஜி. மோகன் போன்ற மாணவர்கள் அவருடைய முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் முக்கியமானது வாழ்க்கையை மூன்று கட்டமாகப் பிரித்தது.

முதலாவது சிருஷ்டி. வளரும் பருவம், இளமை. உடம்பு தாங்கும். விதவிதமான ஆசனங்கள், வேகம், சவால் எல்லாம் இதற்குப் பொருந்தும். மைசூர்ப் பாணி இந்தக் கட்டத்துக்கானது.

இரண்டாவது ஸ்திதி. வேலை, குடும்பம், பொறுப்பு என்று ஓடும் நடுப்பருவம். இதில் இலக்கு புதிது புதிதாகச் சாதிப்பது இல்லை. இருக்கிற ஆரோக்கியத்தைக் காப்பது. கைவசம் நேரமும் குறைவு. எனவே முக்கியமான சில ஆசனங்கள், அவற்றோடு மூச்சுப்பயிற்சி, கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருவது. குறைவாக இருந்தாலும் தினமும் நடக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

மூன்றாவது அந்திமம். முதுமை. இங்கே ஆசனம் குறையும். மூச்சும் தியானமும் பிரார்த்தனையும் கூடும்.

இதிலேயே இன்னொரு பிரிவும் உண்டு. ஒருவர் எதற்காக வருகிறார்? முழுமையாகக் கற்றுத் தேர வருகிறாரா, இருக்கிற உடல்நலத்தைக் காத்துக்கொள்ள வருகிறாரா, நோயிலிருந்து மீள வருகிறாரா, ஆன்மிகத் தேடலில் வருகிறாரா? ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு. ஒரே ஆசனம்கூட நால்வருக்கும் நால்விதமாகச் சொல்லிக்கொடுக்கப்படும்.

இருபத்தெட்டு வயதில் ஐடி வேலையில் இருப்பவர் வயதால் முதல் கட்டத்தின் முடிவில் இருக்கலாம். ஆனால் தினமும் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, நள்ளிரவு கால் முடித்துத் தூங்கினால் அவருடைய வாழ்க்கை இரண்டாவது கட்டத்தில் இருக்கிறது. கல்லூரியில் செய்த ஒர்க்அவுட் இப்போது ஏன் முதுகைப் பிடிக்கிறது என்பதற்கு இந்தப் பிரிவு ஒரு விளக்கம் தருகிறது.

மகனை மாற்றிய ஒரு காட்சி

இவ்வளவு தெரிந்தவரின் வீட்டிலேயே யோகாவில் ஆர்வம் இல்லாத ஒரு மகன் இருந்தார். 1938-இல் பிறந்த தேசிகாச்சார் பொறியியல் படித்தார். நல்ல வேலைக்குப் போகும் திட்டத்தில் இருந்தார். அப்பாவின் தொழிலில் வருமானம் எவ்வளவு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

1960-களின் தொடக்கத்தில் ஒருநாள் வீட்டு வாசலில் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கி ஓடிவந்த நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர், எழுபது வயதைத் தாண்டிய அந்த ஆசாரமான வைணவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். தேசிகாச்சாருக்கு அதிர்ச்சி. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நீண்ட காலமாகத் தூக்க மாத்திரை இல்லாமல் தூங்க முடியாத அந்தப் பெண், முந்தைய இரவு மாத்திரை இல்லாமலே தூங்கியிருக்கிறார்.

வெளிநாட்டு மருத்துவரிடம் எல்லாம் போய் வந்த ஒருவருக்கு, பள்ளிக்கூட ஆங்கிலம்கூடச் சரளமாக வராத தன் அப்பா எப்படி உதவினார்? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் கற்க முடிவெடுத்தார். அப்பா உடனே நம்பவில்லை. அதிகாலை மூன்றரை மணிக்கு வா என்றார். மகன் வந்தார். பிறகு அப்பாவின் கடைசி நாள் வரை அவரிடம் மாணவராகவே இருந்தார்.

1960-களின் நடுவில் தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தி தேசிகாச்சாரிடம் யோகா கற்க வந்தார். அவருக்கு அப்போது எழுபது வயது. ஏற்கெனவே கடினமான ஆசனங்களைச் செய்துவந்தவர். தேசிகாச்சார் அந்த வயதுக்கும் மூச்சுக்கும் ஏற்ப எளிமையான பயிற்சியாக அதை மாற்றிக்கொடுத்தார். அப்பாவின் பாடம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

1976-இல் தேசிகாச்சார் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆளுக்கு ஏற்ற பயிற்சி என்ற அந்த அணுகுமுறை விநியோகா என்ற பெயரில் வெளிநாடுகளில் பரவியது. ஒரு காலத்தில் பெண் என்பதால் மாணவியை மறுத்தவர், முதுமையில் பெண்களுக்கு வேதம் ஓதவும் சொல்லிக்கொடுத்தார். பயிற்சி மட்டும் மாறவில்லை, பயிற்றுவித்தவரும் மாறினார்.

96 வயதில் படுக்கையில் பயிற்சி

96 வயதில் கீழே விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். இன்றைய மருத்துவர்கள் பின்பற்றச் சொல்லும் முடிவு இல்லை அது. ஆனால் அதன் பிறகு அவர் செய்தது கவனிக்க வேண்டியது. படுக்கையில் இருந்தபடியே தன்னால் செய்ய முடிந்த அசைவுகளையும் மூச்சுப்பயிற்சியையும் சேர்த்து தனக்கென்று ஒரு பயிற்சியை அமைத்துக்கொண்டார்.

காபி தோட்டக் காலத்தில் ஓடும் காரை நிறுத்திக் காட்டியவர். அரண்மனையில் தலைகீழாக நின்று நூற்றுக்கணக்கானோரை வியக்க வைத்தவர். கடைசியில் படுத்த படுக்கையில் கையைத் தூக்கி, மூச்சை இழுத்து, கையை இறக்கி, மூச்சை விட்டார். அன்றைய அவருடைய உடம்புக்கு அதுதான் சரியான யோகா.

1988-இல் அவருடைய நூற்றாண்டு கொண்டாடப்பட்டது. 1989 பிப்ரவரி 28 அன்று சென்னையில் காலமானார்.

இன்று பயிற்சி தேடுபவர்களுக்கு

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி தேவை. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் வேண்டும். அது நடையா, நீச்சலா, ஜிம்மா, யோகாவா என்று நிறுவனம் கட்டாயப்படுத்தவில்லை. தேர்வு அவரவர் கையில்.

அந்தத் தேர்வுக்கு முன் கிருஷ்ணமாச்சாரியார் தன் மாணவர்களிடம் பார்த்த விஷயங்களை ஒருவர் தனக்குத் தானே பார்த்துக்கொள்ளலாம். எதற்காகச் செய்கிறேன்: எடை குறையவா, வலு கூடவா, வலி போகவா, நிம்மதியாகத் தூங்கவா? ஒரு நாளில் உண்மையிலேயே எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? இப்போது உடம்பு எந்த நிலையில் இருக்கிறது, பழைய காயம் உண்டா? பயிற்சியின்போது மூச்சு சீராக இருக்கிறதா, திணறுகிறதா? ஆறு மாதம் முன்பு பொருந்தியது இப்போதும் பொருந்துகிறதா? இதயக் கோளாறு, மூட்டுப் பிரச்சினை, கர்ப்பம் போன்ற நிலையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே ஆரம்பிக்க வேண்டும்.

பக்கத்து சீட்டு நண்பருக்கு மாரத்தான் பிடித்திருக்கலாம். ரீல்ஸில் வருபவர் தலைகீழாக நிற்கலாம். அவர்களுடைய வயது, நேரம், இலக்கு வேறு. சமஸ்கிருத பாடசாலைச் சிறுவனுக்குக் கொடுத்த பயிற்சியை மைலாப்பூர் வக்கீலுக்குக் கொடுக்கக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள யோகாவில் கரைகண்ட ஒருவருக்கே பல வருடங்கள் ஆயின. ஜிம்மில் ஒரு வருடச் சந்தா கட்டுவதற்கு முன் இந்தக் கேள்விகளோடு ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் பணமும் மிச்சம், முதுகும் தப்பிக்கும்.